கம்பெனி யார் பேர்ல? பழவேற்காட்டிலிருந்து ஒரு எபிசோட்

போன மாசம் உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "வேலையோட சேர்த்து சின்னதா ஒரு பிசினஸ் ஆரம்பிக்கிறேன், கம்பெனி எப்படி ரெஜிஸ்டர் பண்றது?" சரி, ஒரு செக்லிஸ்ட் படிச்சு இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம்னு நினைச்சேன். நடுவுல பழவேற்காடு போக வேண்டியதாச்சு. போயிட்டு வந்தப்புறம் அந்த செக்லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்.

கூடப் படிச்ச நண்பனோட அக்கா அங்க ஒரு குப்பத்துல இருக்காங்க. சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் மாதிரி. அண்ணன், அதாவது அக்காவோட வீட்டுக்காரர், ஏரியில தொழில் பண்றவர். அவர் கொண்டு வர்ற இறால், மடவை, கூடவே வெளியே வாங்குற சென்னாக்குன்னி, எல்லாத்தையும் அக்கா காயவச்சு விப்பாங்க. இறால் ஊறுகாயும் போடுவாங்க. முதல்ல சொந்தக்காரங்களுக்கு, அப்புறம் வாட்ஸ்அப்ல, அப்புறம் யாரோ சொல்லி சென்னையில ஒரு ஹோட்டல். ஹோட்டல்காரங்க மாசம் இருபது கிலோ கருவாடு கேட்டாங்க. ஒரே நிபந்தனை: பில் வேணும், கடை பேர்ல பேங்க் அக்கவுண்ட் வேணும்.

அக்கா எனக்கு போன் போட்டாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, எனக்கு ஒரு கம்பெனி போட்டுக் குடு."

நான் போனப்ப திண்ணையில ஒரு பிளாஸ்டிக் கவர் தயாரா இருந்தது. உள்ள அண்ணனோட ஆதார், அண்ணனோட பான் கார்டு, அண்ணனோட பாஸ்புக். "அவர் பேர்லயே போட்டுடு தம்பி. அவருக்குதான் பான் இருக்கு."

இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கவரைப் பத்திதான். இதுல வர்ற விதி, தொகை எல்லாம் 2025 நவம்பர் நிலவரம்.

முதல்ல, உங்க கேள்விக்கே நேரா பதில். தனியுரிமை நிறுவனத்தை, அதாவது சோல் ப்ரொப்ரைட்டர்ஷிப்பை, ரெஜிஸ்டர் பண்ண முடியாது. பிரைவேட் லிமிடெட்டுக்கு 2013 கம்பெனிச் சட்டம் இருக்கு. எல்எல்பிக்கு 2008 சட்டம் இருக்கு. கூட்டாண்மைக்கு 1932-லேர்ந்தே சட்டம் இருக்கு. தனியுரிமைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்ல, பதிவேடும் இல்ல. நீங்க ஒரு பொருளை லாபத்துக்கு வித்தா அந்த நிமிஷமே நீங்க தனியுரிமையாளர். அந்தக் கணக்குல அக்கா நாலு வருஷமா ப்ரொப்ரைட்டர்தான், அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்களுக்கு நம்ம பாஷையில சொல்றேன். கம்பெனிங்கிறது தனி ப்ராசஸ். கிராஷ் ஆனா அது மட்டும் சாகும், சிஸ்டம் ஓடிக்கிட்டு இருக்கும். தனியுரிமை ஒரு த்ரெட். உங்க மெமரியிலேயே ஓடுது. அது விழுந்தா உங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். கடைக்குன்னு தனி பான் கிடையாது, உங்க பான்தான் கடை பான். கடை கடன் உங்க கடன். கடையில பணம் இல்லன்னா வீடு, நகை, வண்டின்னு உங்க சொத்து வரைக்கும் கோர்ட் மூலமா வரலாம்.

இதைப் பேசறதுக்கு பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊர் கிடையாது, தெரியுமா? 1602-ல தொடங்கின டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில தன் தலைமையிடத்தை இங்கதான் வச்சிருந்தது. 1613-ல கெல்ட்ரியா கோட்டை. கோட்டை இப்ப மண்மேடு, கல்லறைத் தோட்டம் மட்டும் நல்லா இருக்கு. உலகத்துலயே முதன்முதலா பொதுமக்கள்கிட்ட பங்கு வித்து, அந்தப் பங்கு சந்தையில கைமாறின கம்பெனி அது. ஆம்ஸ்டர்டாம்ல பங்கு வாங்கினவர் கப்பல் முழுகினா இழக்குறது போட்ட பணம் மட்டும்தான், வீடு இல்ல. நானூறு வருஷம் கழிச்சு அதே ஊர்ல ஒரு அக்கா கருவாடு காயப்போடுறாங்க, மழை வந்து சரக்கு கெட்டா போறது அவங்க தாலிச் சங்கிலி. (பிரைவேட் லிமிடெட் போட வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க. வருஷா வருஷம் ஆடிட், ஆர்ஓசி ஃபைலிங், ஆடிட்டர் ஃபீஸ். மாசம் இருபது கிலோ கருவாட்டுக்கு அது தாங்காது.)

இப்ப கவருக்கு வருவோம். கடையும் ஆளும் ஒண்ணுன்னா, யார் பேர்ல போடுறோம்ங்கிறது ஃபார்ம்ல ஒரு கட்டம் கிடையாது. அதுதான் மொத்த விஷயமே.

அண்ணன் ரெண்டு வருஷம் முன்னாடி போட் இன்ஜினும் வலையும் வாங்கினார். பாதிப் பணம் ஒரு வியாபாரிகிட்ட முன்பணம், மீதி ஒரு ஃபைனான்ஸ்ல கடன். முகத்துவாரம் மணல் மூடி ஏரிக்குள்ள கடல் தண்ணி வராத மாசங்கள்ல இறாலும் வராது, தவணையும் போகாது. சில தவணை பாக்கி. கருவாட்டுக் கடையை அண்ணன் பேர்ல போட்டா, ஹோட்டல்காரங்க அனுப்புற பணம் அண்ணன் அக்கவுண்ட்ல வரும். சட்டத்துக்கு அது அண்ணன் பணம். வலைக் கடன் கொடுத்தவர் தீர்ப்பு வாங்கினா அந்த அக்கவுண்ட்டைத் தொடலாம். கடனும் அக்கவுண்ட்டும் ஒரே பேங்க்ல ஒரே ஆள் பேர்ல இருந்தா, பேங்க்கே நேரா பாக்கிக்கு எடுத்துக்க வழி இருக்கு. வெயில்ல நின்னு காயவச்சது அக்கா, போறது வலைக்கு.

அக்கா பேர்ல போட்டா? மனைவியோட தொழில் வருமானத்தை கணவனோட கடனுக்காக எடுக்க முடியாது. அவங்க ரெண்டு தனி ஆள். ஒரே ஒரு பேரை மாத்துறதுல இவ்வளவு இருக்கு.

அண்ணன் பேரை வைக்கச் சொன்னதுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. இங்க எல்லாமே ஆம்பிளை பேர்லதான் ஓடியிருக்கு. ஏரியில யார் எந்த இடத்துல எந்த நாள் வலை போடலாம்னு சீட்டு எடுத்து முறை வைக்கிற 'பாடு' வழக்கம் இருக்குல்ல, அதுலயும் உரிமை வீட்டு ஆம்பிளைக்குத்தான். படகு, வலை, பங்கு, கடன் எல்லாம் அந்த வழியில வந்தது. மீனை வித்துக் காசாக்குறது மட்டும் பொம்பளைங்க.

"அப்ப என் பேர்லயே போடு"ன்னாங்க அக்கா. அண்ணன் ஒரு நிமிஷம் ஏரியைப் பார்த்தார். "அதுவும் சரிதான், கடன்காரன் என்னை மட்டும் திட்டட்டும்"னார்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது ஓடிபி கதை. வருமான வரி இணையதளத்துல ஆதாரை வச்சு இ-பான் இலவசமா, உடனே எடுக்கலாம். ஆனா ஆதாரோட இணைச்ச மொபைல் நம்பருக்கு ஓடிபி வரும். அக்கா ஆதார்ல இருந்தது என் நண்பன் காலேஜ்ல வச்சிருந்த சிம். அது செத்து ஆறு வருஷம் ஆகுது. புது நம்பர் மாத்த ஆதார் மையத்துக்கு நேர்ல போய் கைரேகை வைக்கணும். பொன்னேரிக்கு ஒரு நாள், டோக்கன் கிடைக்காம இன்னொரு நாள். ரெண்டு நாள் வேலை போச்சு. உங்க அம்மா, பாட்டி ஆதார்ல யார் நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. இந்த எபிசோட்ல வேற எதுவும் செய்யலன்னாலும் அதைச் செய்யுங்க.

பான் வந்ததும் உத்யம். மத்திய அரசோட சிறு குறு தொழில் பதிவு, 2020 ஜூலையிலேர்ந்து இருக்கு. ஆதாரும் பானும் போதும், ஆவணம் எதையும் அப்லோட் பண்ண வேணாம், கட்டணம் பூஜ்யம். பூஜ்யத்தை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மூணு வருஷம் முன்னாடி நான் எனக்கு எடுத்தப்ப கூகுள்ல முதல்ல வந்த லிங்க்கை அமுக்கி 1,999 ரூபாய் கட்டினேன். அசோகச் சின்னம், மூவர்ணம்னு பக்கம் அச்சு அசல் அரசு தளம் மாதிரியே இருந்தது. இன்ஜினியர், டொமைன் பேரைப் பார்க்கல. முகவரி 'ஜிஓவி டாட் இன்'னு முடியலன்னா வெளியே வந்துடுங்க.

உத்யம் படிவத்துல ஒரு கேள்வியைத்தான் யோசிச்சு நிரப்பணும்: உற்பத்தியா, சேவையா, வியாபாரமா? அக்கா "வியாபாரம்தானே"ன்னாங்க. பேச்சு வழக்குல சரி. ஆனா மீனை வாங்கி அப்படியே விக்கிறதுதான் வியாபாரம். மீனை உலர்த்தறது, ஊறுகாய் போடுறது உற்பத்தி. வெயில்ல மீன் காயவைக்கிறதுக்குன்னே தொழில் பட்டியல்ல தனிக் குறியீடு இருக்கு, பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கல. "இதைக்கூட எழுதி வச்சிருக்கானுங்களா!"

இதுல என்ன வித்தியாசம்னா, பெரிய ஆளுங்க பணத்தை இழுத்தடிக்கிறப்ப தெரியும். 2006-ம் வருஷ எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பண்ண குறு, சிறு தொழில்கிட்ட சரக்கு வாங்கினவர் எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல, இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும். தாமதமானா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல்லேர்ந்து வருமான வரிச் சட்டத்துலயும் ஒரு பிடி வந்திருக்கு, 43பி(எச்). அந்தக் கெடுவுக்குள்ள தராம நிதியாண்டைத் தாண்டினா, ஹோட்டல்காரர் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாது, தந்த வருஷம்தான் காட்டலாம். அவர் ஆடிட்டரே போன் போட்டு "கருவாட்டு அம்மாவுக்கு செட்டில் பண்ணுங்க"ன்னு சொல்லுவார். வெறும் வியாபாரம்னு பதிவு பண்ணா இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இன்னொண்ணு, முதல் சரக்கு போறதுக்கு முன்னாடியே உத்யம் எடுத்துடுங்க. பின்னாடி எடுத்து பழைய பாக்கிக்கு உரிமை கேக்கறது கோர்ட்ல சிக்கல்.

அடுத்து எஃப்எஸ்எஸ்ஏஐ. பிடிக்கிற அண்ணனுக்கு இது வேணாம், உணவுப் பாதுகாப்புச் சட்டம் மீனவருக்கும் விவசாயிக்கும் பொருந்தாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பதப்படுத்துற அக்காவுக்கு வேணும். வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் எளிய பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாய். அதுல வர்ற 14 இலக்க எண்ணை பாக்கெட்ல போடணும். அதோட எடை, எம்ஆர்பி, பேக் பண்ண மாசம், முகவரி, புகார் நம்பர்.

பேர் வைக்கிறதுக்குதான் அதிக நேரம் ஆச்சு. அக்காவுக்கு 'பழவேற்காடு கருவாடு'ன்னு வைக்க ஆசை. வச்சுக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா ஊர் பேரையும் பொருள் பேரையும் மட்டும் சேர்த்து ட்ரேட்மார்க் கேட்டா 1999 சட்டத்துல பொதுவா மறுத்துடுவாங்க, நாளைக்கு பக்கத்து வீட்டுலயும் அதே பேர் போடலாம். மலேசியாவுல கட்டம் போட்ட கைலியை இன்னைக்கும் 'காயின் பெலிகாட்'னு சொல்றாங்க. பெலிகாட்ங்கிறது புலிகாட், இந்த ஊர்தான். ஊர் பேர் துணியோட கடல் கடந்து போச்சு, ஊர்ல யாருக்கும் அதுல சல்லிக்காசு வரல. கடைசியில அக்கா தன் பாட்டி பேரைப் போட்டாங்க. ட்ரேட்மார்க் தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு வகைக்கு 4,500 ரூபாய். "அது தீபாவளிக்கு அப்புறம்"னு தள்ளி வச்சாச்சு.

ஜிஎஸ்டி. இதைக் கவனமா கேளுங்க, ஏன்னா ஏரி ரெண்டு மாநிலத்துல இருக்கு.

பொருள் விக்கிறவருக்கு தமிழ்நாட்டுல வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல. ஐஸ்ல வச்ச மீன், இறாலுக்கு வரியே இல்ல. அதை மட்டும் விக்கிறவர் எத்தனை கோடி வித்தாலும் பதிவு வேணாம். நிறுத்து கவர்ல போட்டுத் தர்ற கருவாட்டுக்கும் வரி இல்ல. அதே கருவாட்டை 200 கிராம் பாக்கெட்டாக்கி லேபிள் ஒட்டினா, 2022 ஜூலையிலேர்ந்து 5 சதவீதம். இறால் ஊறுகாய்க்கும் இப்ப 5.

பொறி எங்கன்னா, பழவேற்காடு ஏரியில பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. அக்காவோட சித்தி பொண்ணு சூளூர்பேட்டையில கடை வச்சிருக்கா. லேபிள் ஒட்டின ஒரே ஒரு பாக்கெட்டை அந்தக் கடைக்கு வித்தாலும் அது மாநிலம் தாண்டின விற்பனை. 40 லட்சக் கணக்கெல்லாம் கிடையாது, முதல் ரூபாய்லேர்ந்து ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெங்களூருக்குக் கூரியர் அனுப்புறதும் அப்படித்தான். இந்த ஊர் பொண்ணுங்க பின்னுற பனையோலைக் கூடை மாதிரி கைவினைப் பொருளுக்கு இதுல விலக்கு இருக்கு, கருவாட்டுக்கு இல்ல. சித்தி பொண்ணுக்கு இப்போதைக்கு லேபிள் இல்லாம நிறுத்துத்தான் போகுது.

இன்னொரு பொறி: 40 லட்சத்தை எண்ணும்போது வரி இல்லாத மீனையும் சேர்த்துதான் எண்ணணும். 39 லட்சத்துக்குப் பச்சை மீனும் 2 லட்சத்துக்கு ஊறுகாயும் வித்தா பதிவு வேணும். 2025 ஜூலையில கர்நாடகாவுல யூபிஐ வரவை வச்சு சின்னக் கடைக்காரங்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பினது ஞாபகம் இருக்கா? பலர் வித்தது பால், காய்கறி மாதிரி வரியில்லாத பொருள். ஆனா எது எவ்வளவுன்னு எழுதி வச்சிருந்தவங்க கம்மி. அக்காவுக்கு நான் ஆப் எதுவும் போட்டுத் தரல. நாப்பது பக்க நோட்டு, நாலு பத்தி: பச்சை, நிறுவை, பாக்கெட், ஊறுகாய். பால் கணக்கு எழுதின கை, ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க.

பேங்க்ல கடை பேர்ல கரண்ட் அக்கவுண்ட். ரிசர்வ் பேங்க் விதி, கடை பேர்ல ஏதாவது ரெண்டு ஆதாரம் கேக்குது. உத்யம் சான்றிதழும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் போதுமாச்சு. நாமினி போட மறக்காதீங்க. உரிமையாளர் போயிட்டா தனியுரிமையும் போச்சு. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை மட்டும் வாரிசு 90 நாள் வரைக்கும் பயன்படுத்தலாம், அதுக்குள்ள தன் பேருக்கு மாத்திக்கணும்.

வருமான வரி சுருக்கமா: 44ஏடின்னு ஒரு வழி இருக்கு. விற்பனை 2 கோடிக்குள்ள இருந்தா, பேங்க், யூபிஐ வழியா வந்ததுல 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் குறைஞ்சபட்ச லாபம்னு காட்டலாம், முழுக் கணக்குப் புத்தகம் வேணாம். உண்மையில லாபம் கூடன்னா கூடத்தான் காட்டணும். கமிஷன் ஏஜெண்டுக்கு இது கிடையாது. வரி வரலன்னாலும் ஐடிஆர்-4 போடுங்க. நாளைக்கு முத்ரா கடன் கேக்கப் போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஐடியில வேலை பார்த்துக்கிட்டே பிசினஸ் தொடங்குறவங்க இதுக்கெல்லாம் முன்னாடி ஆஃபர் லெட்டரைத் திறந்து படிங்க, எழுத்துல அனுமதி கேக்குது பல கம்பெனி.

எல்லாம் முடிஞ்சு ஹோட்டலுக்கு முதல் இருபது கிலோ போச்சு. கதை இங்க முடியும்னு நினைச்சேன். மூணாவது வாரம் அக்கா போன். அண்ணனுக்குப் புது வலை வேணும், ஃபைனான்ஸ்காரங்க மூணு லட்சம் தர்றாங்களாம். "ஜாமீன் கையெழுத்து மட்டும் உங்க வீட்டுக்காரம்மா போடட்டும், இப்பதான் அவங்க பேர்ல கம்பெனி இருக்கே"ன்னாங்களாம்.

பாத்தீங்களா? அந்தக் கவரை மாத்தி, ஓடிபிக்கு ரெண்டு நாள் அலைஞ்சு கட்டின சுவர், ஒரு கையெழுத்துல காலி. 1872 ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, வேற மாதிரி எழுதலன்னா ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கினவருக்கும் ஒரே அளவு பொறுப்பு. அண்ணனை விட்டுட்டு நேரா அக்காகிட்டயே வரலாம்.

நான் "போடாதீங்க"ன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவர் வலை கிழிஞ்சிருந்தா எனக்கு இறால் எங்கேர்ந்து வரும் தம்பி?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல. மறுபடி அந்தப் பிரிவைப் படிச்சேன். 'வேற மாதிரி எழுதலன்னா'. அப்ப வேற மாதிரி எழுதலாம். ஜாமீனுக்குத் தொகை வரம்பு வைக்கலாம்.

ஃபைனான்ஸ்காரர் முதல்ல "எங்க ஃபார்ம்ல அப்படி இடமே இல்ல"ன்னார். அக்கா ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. பத்து நாள் கழிச்சு அவரே வந்தார். கடன் ஒன்றரை லட்சமாக் குறைஞ்சது, ஜாமீன் அறுபதாயிரம் வரைக்கும்னு தனித் தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. அறுபதாயிரம் எப்படி வந்ததுன்னு கேட்டேன். "நோட்டுல பார்த்தேன். ஆறு மாசத்துல என்னால அவ்வளவுதான் அடைக்க முடியும்"னாங்க.

ஹோட்டல்காரங்க முதல் பில்லுக்கு நாப்பத்தோராவது நாள் பணம் போட்டாங்க. நாப்பதாவது நாள் அக்கா ஒரு போன் போட்டிருக்காங்க, ஆடிட்டர் பேரைக் கேட்டு.